‘ஒண்ணுமில்லை’ என்று சொல்லும் குழந்தைக்கு இரவு வானம் எப்படி உதவும்?

கேள்வி இது: 8 வயதில் மகள், 11 வயதில் மகன். சில நாள் முகம் வாடி வீடு திரும்புகிறார்கள். என்ன ஆச்சு என்றால் ‘ஒண்ணுமில்லை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இருவருக்கும் வரையப் பிடிக்கும், நட்சத்திரம் பார்க்கவும் பிடிக்கும். ஓவியம், எழுத்து, இரவு வானம் இம்மூன்றையும் வைத்து உணர்ச்சிகளை வெளிப்படுத்தப் பழக்க முடியுமா? முயன்று பார்த்தபோது ஐந்து முனை நட்சத்திரமும் சிரிக்கும் நிலாவும்தான் வந்தன.

முடியும். ஆனால் பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். ‘உன் கோபத்தை வரை’ என்று காகிதத்தைக் கொடுத்தால் குழந்தை சிவப்பில் ஒரு முகம் போட்டு, புருவத்தை வளைத்து, திருப்பிக் கொடுத்துவிடும். அது அவள் கோபம் அல்ல. கைபேசியில் பார்த்த பொம்மை முகம். முதலில் கண்ணுக்கு வேலை கொடுங்கள், பிறகு கைக்கு, கடைசியில் சொல்லுக்கு. உணர்ச்சியைப் பற்றி முதல் இரண்டு கட்டங்களில் நீங்கள் பேச்சே எடுக்கக் கூடாது.

‘ஒண்ணுமில்லை’ பொய்யும் அல்ல. உள்ளே ஏதோ இருக்கிறது, அதற்குப் பெயர் தெரியவில்லை, எதிரே ஒரு பெரியவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறார். இந்த நிலையில் பெரியவர்களாலேயே பேச முடியாது. வானம் பார்க்கும்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திசையில் பார்க்கிறோம். இருட்டில் முகம் தெரியாது. ஐந்து நிமிடம் யாரும் பேசாவிட்டாலும் அது மௌனமாகத் தோன்றாது. வானத்தின் அழகைவிட இந்த உட்காரும் முறைதான் குழந்தையைப் பேசவைக்கிறது.

பார்ப்பது

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கண்மணி விரிவது சில நொடிகளில் நடந்துவிடும். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் செல்களில் நிறமி மீண்டும் சேர்வதற்குத்தான் இவ்வளவு நேரம். நடுவில் ஒருமுறை கைபேசியைப் பார்த்தால் பெரும்பகுதி வீணாகி, மறுபடி காத்திருக்க வேண்டும். டார்ச் தேவையென்றால் அதன் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்ளுங்கள். மங்கலான சிவப்பு வெளிச்சம் கண்ணின் இருட்டுப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது. படுத்துப் பார்ப்பது நல்லது. நின்றபடி அண்ணாந்தால் கழுத்து வலித்து, பத்து நிமிடத்தில் ‘போலாமா’ என்பார்கள்.

இருட்டுக்குப் பயப்படும் குழந்தையை நள்ளிரவுக்கு இழுத்துப் போகாதீர்கள். சூரியன் மறைந்தவுடன் போய், முதல் ஒளிப்புள்ளி தெரியும்வரை இருந்துவிட்டு வந்தாலே முதல் நாளுக்குப் போதும். அடுத்த முறை பத்துப் புள்ளி எண்ணும்வரை. இருட்டு தன்மேல் வந்து விழாமல், தன் கண்முன்னே மெல்ல மெல்ல வருவதைப் பார்த்த குழந்தைக்கு அச்சம் குறையும்.

பார்க்கும்போது மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். எது முதலில் கண்ணில் பட்டது? எது தனியாக இருக்கிறது? எது கூட்டமாக இருக்கிறது? பதில் சொன்னால் ‘ம்’ என்பதோடு நிறுத்துங்கள். ‘அந்தத் தனி நட்சத்திரம் மாதிரி உனக்கும் தோணுதா?’ என்று கேட்கத் துடிக்கும், கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த முறை அவள் தனி நட்சத்திரத்தைக் காட்டமாட்டாள்.

மங்கலான ஒன்றைப் பார்க்க ஓர் உத்தி உண்டு: அதை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பார்க்க வேண்டும். விழித்திரையின் நட்ட நடுவில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் இல்லை, ஓரத்தில் இருக்கின்றன. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் இதைச் சோதிக்கலாம். நேராகப் பார்த்தால் ஐந்தாறு தெரிவது, பார்வையைச் சற்று விலக்கியதும் கூடுதலாகத் தெரியும். குழந்தைகளுக்கு இது மந்திரம் போல இருக்கும். சில நாள் கழித்து, ‘நேரா யோசிச்சா பிடிபடாம, வேற ஏதாவது செய்யும்போது ஞாபகம் வர்ற விஷயம் ஏதாவது உனக்கு இருக்கா?’ என்று எழுதச் சொன்னால், 10 வயதுக்கு மேற்பட்டவர்கள் எழுதுவதில் ஆழம் இருக்கும்.

நகர வெளிச்சத்தில் பத்து நட்சத்திரம்கூடத் தெரியவில்லை என்றால் நிலா போதும். நிலா நாட்குறிப்பு இப்படி: டப்பா மூடியை வைத்து ஒரு பக்கத்தில் ஒரே அளவில் இரண்டு வட்டம். இடது வட்டத்தில் இன்று பார்த்த நிலா. வலது வட்டத்தில் ‘இன்னிக்கு எனக்குள்ள எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு’ என்று பென்சிலால் நிழலிட வேண்டும். கீழே ஒரு வரி, விருப்பமிருந்தால். சுமார் 29½ நாளில் ஒரு சுற்று முடியும். இரண்டு வட்டமும் ஒன்றுபோல இருக்கத் தேவையில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பௌர்ணமியன்று மகிழ்ச்சியாக இருந்தாக வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த நாட்குறிப்பு பாதியில் நிற்பது பெரும்பாலும் பௌர்ணமிக்குப் பிறகுதான். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து உதிக்கிறது. நான்கைந்து நாளில் குழந்தை தூங்கும்வரை கண்ணில் படாது. தான் தவறவிட்டதாக நினைத்து விட்டுவிடுவார்கள். அந்த வாரத்தில் காலையில் பாருங்கள். சூரியன் வந்த பிறகும் மேற்குப் பக்கத்தில் வெளிறிய நிலா இருக்கும். அமாவாசையை ஒட்டிய நாட்களில் எங்கும் தெரியாது. அன்று இடது வட்டத்தை வெறுமையாக விட்டு, ‘தெரியலை’ என்று எழுதினால் அதுவும் ஒரு பதிவுதான்.

அமாவாசை கழித்து மூன்றாம் நாள் நான்காம் நாள் பிறையைக் கட்டாயம் காட்டுங்கள். பிறையின் மீதி வட்டம் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். பூமியில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளி அது. வெளிச்சம் படாத பகுதியும் அங்கேயே இருக்கிறது என்பதை நீங்கள் விளக்க வேண்டாம், காட்டினால் போதும். பிறையின் இரு கொம்புகளுக்கு நடுவே நட்சத்திரம் வரைவதும் இதைப் பார்த்த பிறகு தானாக நின்றுவிடும்.

வரைவது

வானத்தின் கீழேயே வரைய வைக்காதீர்கள். இருட்டில் நிறம் தெரியாது, விளக்கு போட்டால் வானம் போய்விடும். வான் கோ தன் புகழ்பெற்ற நட்சத்திர இரவு ஓவியத்தை 1889 ஜூனில் செயின்ட் ரெமி மருத்துவமனையில் தங்கியிருந்தபோது வரைந்தார். படுக்கையறைச் சன்னலிலிருந்து இரவில் பார்த்ததை, வேறோர் அறையில் பகலில், நினைவிலிருந்து தீட்டினார். அதில் உள்ள கிராமம் அந்தச் சன்னலிலிருந்து தெரிந்ததே அல்ல. பார்த்ததற்கும் வரைவதற்கும் நடுவே ஓர் இரவு இருந்தால், மறந்தது மறந்து, மனதில் தைத்தது மட்டும் மிஞ்சும். நமக்கு வேண்டியது அந்த மிச்சம்தான். மறுநாள் வரையுங்கள்.

9 வயதுக்குமேல் குழந்தைகள் ‘எனக்கு வரைய வராது’ என்று பின்வாங்குவது இயல்பு. பார்ப்பதைப் போலவே வரைய வேண்டும் என்ற ஆசை அந்த வயதில் வருகிறது, கை அந்த அளவுக்கு வராது. இரவு வானம் இங்கே பெரிய உதவி. முகம் இல்லை, கைவிரல் இல்லை, தூரம் காட்ட வேண்டியதில்லை. புள்ளி வைக்கத் தெரிந்தால் போதும்.

முதல் பயிற்சியில் கோடு மட்டும். ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லுக்கான கோடு: காத்திருப்பது, திட்டு வாங்கியது, தூக்கம் வராதது, யாரோ தன்னைச் சேர்த்துக்கொண்டது, பொறாமை, வெட்கம், ஓடி வந்து நின்றது, ஒன்றும் தோன்றாதது. ஒரு கட்டத்துக்கு ஒரு நிமிடம். முகம், இதயம், கண்ணீர்த்துளி மூன்றுக்கும் தடை. தடை இருப்பதால்தான் கை வேறு வழி தேடும். அழுத்தம், வேகம், நெருக்கம் இவற்றால் உணர்ச்சியைச் சொல்ல முடியும் என்று எட்டாவது கட்டத்துக்குள் அவர்களுக்கே பிடிபடும். அடுத்த நாள் அதே கோடுகளில் ஒன்றை எடுத்து வானம் முழுக்க நிரப்பச் சொல்லுங்கள்.

இரண்டாம் பயிற்சியை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். அடிவானத்தில் எழும் நிலா மிகப் பெரிதாகத் தோன்றும். கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் நிலா முழுதும் மறைந்துவிடும். அதன் அகலம் வானில் அரை டிகிரிதான், விரல் ஏறக்குறைய ஒரு டிகிரி. உச்சிக்குப் போன பிறகும் இதே விரலால் சோதிக்கலாம், அளவு மாறியிருக்காது. மறுநாள் இரண்டு படம்: விரலால் அளந்த நிலா ஒரு தாளில், மனதுக்குத் தோன்றிய நிலா இன்னொன்றில். இரண்டுக்கும் சம மரியாதை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த குழந்தையிடம் பிறகு ஒருநாள், ‘நேத்து நடந்த சண்டை அளந்தா எவ்வளவு, தோணுனது எவ்வளவு?’ என்று கேட்கலாம். ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று அடக்கினால் அவள் உணர்ச்சி பொய் என்றாகிறது. அவள் சொன்னதை மட்டுமே உண்மை என்று எடுத்தால் நடந்தது மறைகிறது. இரண்டு நிலாவை ஒரே சமயம் கையில் வைத்துக்கொள்ள ஒரு குழந்தையால் முடியும்.

இனி பொருட்கள். கருப்புச் சார்ட், வெள்ளை ஆயில் பேஸ்டல், தேவையென்றால் இரண்டு நிறம் கூடுதல், இதுவே எல்லாவற்றிலும் எளிது. கையின் கீழ் ஒரு துண்டுத் தாள் வைக்காவிட்டால் பேஸ்டல் தேய்ந்து எல்லாம் சாம்பலாகிவிடும். 24 நிறப் பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள். நிறம் தேர்வதிலேயே நேரம் போய்விடும்.

மெழுகு முறை வேறு விதம். தடித்த வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகு வண்ணத்தால் புள்ளி, கோடு, எழுத்துகூட எழுதலாம், கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் நீர்த்த கருநீல வாட்டர் கலரைப் பூசினால் மெழுகு உள்ள இடத்தில் நீர் ஒட்டாமல் எழுதியது வெளியே வரும். சொல்லத் தயங்கும் குழந்தைக்கு இது மிகவும் பிடிக்கும்: மேலே வண்ணம் பூசலாமா வேண்டாமா என்பது அவள் கையில். சரியாக வராததற்குக் காரணம் மூன்றே. மெழுகை அழுத்தாமல் தடவியிருப்பார்கள்; வண்ணம் கெட்டியாக இருந்து மெழுகையும் மூடியிருக்கும்; தாள் மெலிந்து சுருண்டிருக்கும். 200 ஜிஎஸ்எம் (தாளின் எடையைக் குறிக்கும் அளவு) தாள், நான்கு ஓரமும் டேப் ஒட்டியது, என்றால் சுருளாது.

நட்சத்திரம் தெளிக்கப் பழைய பல்துலக்கி. வெள்ளைப் போஸ்டர் கலர் பால் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீராக இருந்தால் பெரிய சொட்டாக விழும். முதல் தெளிப்பு எப்போதும் பழைய செய்தித்தாளில். இன்னொன்று: வானத்துக்கு அப்படியே கருப்பு வண்ணத்தைப் பூசினால் உயிரற்று இருக்கும். அடர் நீலத்தோடு அடர் பழுப்பைச் சேர்த்துக் குழந்தையே ‘இன்றைய இருட்டை’க் கலக்கட்டும். நீலம் கூடிய இருட்டு, பழுப்பு கூடிய இருட்டு என்று இருட்டுக்கே பல நிறம் இருப்பது அப்போது தெரியும்.

சிவப்பு என்றால் கோபம், கருப்பு என்றால் சோகம் என்ற அட்டவணைகளை மறந்துவிடுங்கள். வானமே அதற்கு மறுப்பு. ஓரியன் (வேட்டைக்காரன்) நட்சத்திர மண்டலத்தில் சிவந்து தெரியும் திருவாதிரையின் வெப்பநிலை சுமார் 3,500 கெல்வின். அதே மண்டலத்தில் நீலவெண்மையாகத் தெரியும் ரைஜல் சுமார் 12,000 கெல்வின். சிவப்புதான் குளிர்ந்தது. ஒரு படம் முழுக்கக் கருப்பாக இருந்தால், அன்று கைக்குக் கிடைத்த பேஸ்டல் கருப்பாக இருந்திருக்கலாம்.

வரைந்து முடித்ததும் ‘அழகா இருக்கே!’ என்று சொல்லாமல் இருப்பது கடினம், ஆனாலும் சொல்லாதீர்கள். பாராட்டு வாங்கிய படத்தையே அடுத்த பத்து முறையும் வரைவார்கள். ‘இது என்ன?’ என்றும் கேட்காதீர்கள். புரியும்படி வரையவில்லை என்று அதற்கு அர்த்தம். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: ‘இந்த மூலைல ரொம்ப அழுத்தி வரைஞ்சிருக்க.’ பிறகு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழு எட்டிலேயே பேச்சு வரும்.

எழுதுவது

தமிழ் இங்கே நமக்குத் துணை. ‘எனக்குக் கோபம் வந்தது’ என்கிறோம். வந்தது என்றால் எங்கிருந்தோ வந்தது, சற்று இருந்தது, போனது. ‘நான் கோபக்காரன்’ என்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் குழந்தைக்குக் காட்டுங்கள். வந்த உணர்ச்சிக்கு நிலாவைப் போலவே உதயமும் மறைவும் எழுதலாம்: எத்தனை மணிக்கு வந்தது, எப்போது உச்சிக்குப் போனது, எப்போது இறங்கியது. மூன்று வரி, அவ்வளவுதான்.

உடம்பிலிருந்து தொடங்குவதும் நம் மொழிக்குப் பழக்கம். நெஞ்சு அடைத்தது, வயிற்றைப் பிசைந்தது, காது சூடானது, மனசு கனத்தது, தொண்டையில் ஏதோ நின்றது. இவற்றைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் ‘சோகம், சந்தோஷம், கோபம்’ என்ற மூன்றைத் தாண்டிப் போவார்கள். இன்னொரு டப்பாவில் ஏக்கம், ஆதங்கம், தவிப்பு, எரிச்சல், கூச்சம், ஏமாற்றம், மனத்தாங்கல், நெகிழ்ச்சி. வாரத்துக்கு இரண்டு புதிய சொல் போதும். ஒரே நாளில் இருபது சொல்லைக் கொட்டினால் அது பாடமாகிவிடும்.

எழுதும் வடிவம்: முதல் வரியில் வானத்தில் பார்த்தது, உணர்ச்சிச் சொல் கூடாது. இரண்டாம் வரியில் உடம்பில் நடந்தது. மூன்றாம் வரியில் வானத்திடம் ஒரு கேள்வி. 8 வயதுக்கு ஏழு நிமிடம், 11 வயதுக்குப் பத்து நிமிடம். அகப்பாடல் மரபில் முல்லைக்கு மாலைப் பொழுதும் காத்திருப்பும், குறிஞ்சிக்கு நள்ளிரவும் கூடலும் என்று வகுத்தார்கள். உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் இடத்தையும் பொழுதையும் சொன்னாலே மனம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. குழந்தையின் முதல் வரியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

எழுத வராத சிறு குழந்தை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். ‘அது வந்து... அது வந்து...’ என்றால் அதையும் எழுதுங்கள். நல்ல தமிழாக மாற்றினால் அது உங்கள் வாக்கியமாகிவிடும். படித்துக் காட்டி, ‘நீ சொன்னது இதானே?’ என்று மட்டும் கேளுங்கள். பெரிய குழந்தையின் எழுத்தில் எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். சந்திப்பிழையில் சிவப்புக் கோடு விழுந்த பக்கத்தில் அடுத்த முறை உண்மை எழுதப்படாது.

உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு வானத்தில் இரண்டு நட்சத்திரம் இருக்கின்றன. சிரியஸ் 8.6 ஒளியாண்டு தொலைவில் உள்ளது, அதாவது அதன் ஒளி நம்மை வந்தடைய 8.6 ஆண்டு ஆகும். 8 வயது 7 மாதம் ஆன குழந்தை இன்று பார்க்கும் சிரியஸ் ஒளி அவள் பிறந்த சமயத்தில் புறப்பட்டது. புரோசியான் 11.5 ஒளியாண்டு, அது அண்ணனுக்கு. டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை முன்னிரவில் ஓரியனின் மூன்று நட்சத்திர வரிசையைக் கண்டுபிடித்து அதே கோட்டில் நீட்டினால் ஒரு பக்கம் சிவந்த ரோகிணி, மறுபக்கம் பளிச்சென்று சிரியஸ். திருவாதிரை, சிரியஸ், புரோசியான் மூன்றும் ஏறக்குறைய சமபக்க முக்கோணம். ‘இந்த ஒளி கிளம்புன நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் நடந்ததுல, இதுக்கு எதைச் சொல்லுவ?’ என்பது கடிதத்தின் தலைப்பு. இருவரும் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவார்கள்.

‘நாம் பார்க்கும் நட்சத்திரம் எல்லாம் ஏற்கெனவே செத்துவிட்டவை’ என்று யாராவது சொல்லிக் குழந்தை கலங்கியிருந்தால் திருத்துங்கள். வெறும் கண்ணுக்குத் தெரிபவை பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் உள்ளவை. அவற்றின் ஆயுளோ பல லட்சம் முதல் பல நூறு கோடி ஆண்டு. ஏறக்குறைய எல்லாமே இன்னும் இருக்கின்றன. அதேபோல, இறந்த தாத்தா நட்சத்திரமாகிவிட்டார் என்று சின்னக் குழந்தைக்கு நீங்களாகச் சொல்லாதீர்கள். ஐந்து வயதில் அதை அப்படியே நம்பி, மேகம் மூடிய இரவில் தவித்துப்போவார்கள். குழந்தையே அப்படிச் சொன்னால் மறுக்கவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். ‘எதுன்னு காட்டேன்’ என்று கேட்டால் அவரைப் பற்றிப் பேசத் தொடங்குவாள்.

எழுதியது யாருக்குச் சொந்தம் என்பதை முதல் நாளே தீர்த்துவிடுங்கள். மூன்று உறை: காட்டலாம், எனக்கு மட்டும், கிழித்துவிடலாம். எதில் போடுவது என்பது அவள் முடிவு. ‘எனக்கு மட்டும்’ உறையை அவள் இல்லாத நேரத்தில் திறந்து பார்த்தால் எல்லாமே அன்றோடு முடிந்தது. ஒரு விதிவிலக்கை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: யாராவது உன்னை வலிக்கச் செய்தால், அல்லது நீ உன்னையே வலிக்கச் செய்ய நினைத்தால், அது ரகசியம் இல்லை, என்னிடம் சொல்ல வேண்டும். அப்படி ஏதாவது வெளிப்பட்டாலோ, தூக்கமும் சாப்பாடும் விளையாட்டும் இரண்டு வாரத்துக்குமேல் மாறியே இருந்தாலோ, ஓவியத்தை வைத்து நீங்களே அர்த்தம் தேடிக்கொண்டிருக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை போதும். கோபத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ‘வா, வரையலாம்’ என்று அழைக்காதீர்கள், அது தண்டனை போலாகிவிடும். வீட்டில் இருவர் இருப்பதால் தனித்தனி நோட்டு. ஒருவர் படத்தை மற்றவர் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். நீங்களும் ஒரு தாளை எடுத்து உங்கள் இருட்டைக் கலக்குங்கள், ஆனால் உங்கள் படத்தை அவர்களுக்கு விளக்காதீர்கள்.

மேகம் மூடிவிட்ட இரவில் திரும்பி வந்துவிடாமல் பத்து நிமிடம் இருங்கள். மேகத்துக்குப் பின்னால் இந்நேரம் எது எங்கே இருக்கும் என்று கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். நீட்டிய கையின் மடக்கிய முட்டி வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. குழந்தையின் கை சிறிது, முட்டியும் சிறிது என்பதால் கணக்கு மாறாது. நேற்றைய நோட்டைத் திறக்காமல், முட்டியால் அளந்து, தெரியாத நட்சத்திரங்களுக்குக் கருப்புத் தாளில் புள்ளி வைக்கட்டும்.